மலிவு யாருக்கு? வருசநாட்டை வைத்து ஒரு பழைய கேள்வி

எங்கே குடியிருப்பது என்ற கேள்வியில் தமிழ்ப் பழமொழிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்கிறது ஒன்று. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்கிறது மற்றொன்று. முன்னது பிழைப்பைப் பார்க்கிறது, பின்னது வீட்டைப் பார்க்கிறது. வேலை நகரங்களிலேயே குவிந்து, வாடகையும் ஏறிவிட்ட இந்நாளில் இரண்டுக்கும் இடையிலான வழக்கு கூர்மையாகியிருக்கிறது. பெயர் அடிபடாத, செலவு குறைந்த ஒரு வட்டாரத்தில் வாழ்வது ஆதாயமா, ஏமாற்றமா? திருக்குறள் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுப் பொருளியல் வரை பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றுள் முக்கியமான சிலவற்றை ஒரே நிலப்பகுதியில் வைத்து உரசிப் பார்க்கலாம்.

அந்த நிலப்பகுதி வருசநாடு. தேனியிலிருந்து தெற்கே கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போனால் வரும். மூன்று பக்கமும் மலை. மூல வைகை இங்கேதான் பிறந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. இலவ மரம், கொட்டை முந்திரி, தென்னை, எலுமிச்சை, பீன்ஸ் ஆகியவை விளையும் பூமி. ஒரு காலத்தில் கண்டமனூர் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இந்தப் பகுதி வெளியுலகத்துக்குத் தெரியவந்ததில் வடவீர பொன்னையாவின் ‘வருசநாட்டு ஜமீன் கதை’க்கு ஒரு பங்கு உண்டு. வருசநாடு அடங்கிய ஆண்டிபட்டித் தொகுதி 1984இல் எம்.ஜி.ஆரையும், 2002இலும் 2006இலும் ஜெயலலிதாவையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. முதலமைச்சர்களின் தொகுதி என்ற பெயர் இருந்தும், சுற்றுலா வருகிறவர் சுருளியோடும் மேகமலையோடும் கும்பக்கரையோடும் திரும்பிவிடுகிறார். வருசநாடு அவர் வழியில் இல்லை.

மாவட்டத்தைப் பற்றி இரண்டு எண்கள். மதுரையிலிருந்து 1996இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 12,45,899. 2001க்கும் 2011க்கும் இடையில் மாவட்டம் சுமார் 13.9 விழுக்காடு வளர்ந்தது, மாநிலம் 15.6. மக்கள் ஊரைக் காலி செய்து ஓடவும் இல்லை, வெளியாட்கள் வந்து குவியவும் இல்லை. இந்த இடைப்பட்ட நிலையை எப்படி விளக்குவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

நீரும் விளைச்சலும்: மிகப் பழைய விடை

திருக்குறளின் 74ஆம் அதிகாரம் ‘நாடு’. குறையாத விளைச்சல், தகுதியுள்ள மக்கள், பசியும் பிணியும் பகையும் இல்லாமை, மலையும் அதிலிருந்து இறங்கும் ஆறும் என்று வாழத்தக்க நாட்டின் இலக்கணங்களை அது அடுக்குகிறது. தேடி அலையாமலே வளம் கிடைப்பதுதான் நாடு என்றும் சொல்கிறது. இவ்வளவும் இருந்தும் நல்ல ஆட்சி அமையாவிட்டால் பயனில்லை என்று முடிக்கிறது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். விலைவாசி பற்றி அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. வளம் இருந்தால் மலிவு தானே வரும் என்பது அதன் உட்கிடக்கை எனக் கொள்ளலாம்.

இதே மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த விடை அளந்து தைத்தது போலப் பொருந்துகிறது. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை; ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பொறுப்பில் 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. அதன்பின் கூடலூரிலிருந்து பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். மேட்டில் திராட்சை, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்தது. சின்னமனூர்ப் பக்கம் வாழை. பள்ளத்தாக்கில் பொங்கலன்று அந்த வெள்ளைக்காரப் பொறியாளரின் படத்துக்கு மாலை விழுவதை வேறெப்படியும் விளக்க முடியாது.

ஆனால் அதே மாவட்டத்தில், ஒரே மலைத்தொடரின் மறுபக்கச் சரிவில் இருக்கும் வருசநாட்டுக்குப் பெரியாற்று நீர் கிடையாது. மூல வைகை மழைக்கு ஓடும், மழை விட்டால் மணலாகும். பிறக்கிற இடத்தில் நிற்காத தண்ணீர் கீழே போய் வைகை அணையில் நிற்கிறது. 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீரால் பெரிதும் பயனடைந்தவை மதுரையும் அதற்குக் கிழக்கே உள்ள சீமைகளும். அணைக்காக மூழ்கிய ஊர்களின் கதையைச் சொன்ன வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊரை இழந்தவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள். ஆக, வளத்தை அடிப்படையாகக் கொண்ட விடை ஒரு பள்ளத்தாக்கை விளக்கி, அடுத்த பள்ளத்தாக்கில் தடுமாறுகிறது. நீர் குறைந்த வருசநாடும் மலிவாகத்தான் இருக்கிறது. அங்கே மலிவுக்குக் காரணம் வளம் அல்ல, வேறேதோ.

பட்டணம் சேர்: இருபதாம் நூற்றாண்டின் விடை

1885இலேயே ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டிஷ் கணக்கெடுப்பை வைத்து இடப்பெயர்வின் விதிகளை எழுதினார். பெரும்பாலோர் குறுந்தொலைவே பெயர்கிறார்கள் என்பதும், ஒவ்வொரு போக்குக்கும் ஓர் எதிர்ப்போக்கு உண்டு என்பதும் அவற்றுள் அடங்கும். 1970இல் பொருளியலாளர்கள் ஹாரிஸும் தொடாரோவும் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தனர்: நகரத்தில் வேலை நிச்சயமில்லை என்றாலும், கிடைத்தால் வரும் கூலியையும் கிடைக்கும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்தே மனிதர் பயணப்படுகிறார். 1977இல் மைக்கேல் லிப்டன் பழியை வேறிடத்தில் வைத்தார்: அரசின் முதலீடும் விலைக் கொள்கையும் நகரத்துக்குச் சாய்ந்திருப்பதால்தான் கிராமம் ஏழையாகவே இருக்கிறது.

லிப்டனின் வாதத்துக்குத் தேனியில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 டிசம்பர் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். தொண்ணூறு கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். இவ்வளவு காலம் ரயில் இல்லாமலிருந்த ஒரு மாவட்டத் தலைநகரைக் கவனிக்கப்படாத ஊர் என்று சொல்வதில் பிழையில்லை.

ஆனாலும் இந்த விடைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முரண் எதிரே நிற்கிறது. 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் ரூ.5,310, நகரத்தில் ரூ.7,630. இடைவெளி 44 விழுக்காடு. இந்திய அளவில் அதே இடைவெளி 71. இங்கே கிராமம் நகரத்திடமிருந்து அவ்வளவு தூரம் விலகி நிற்கவில்லை. அனைவருக்குமான ரேஷன், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், கூப்பிடு தூரத்துப் பள்ளி, ஊர் ஊராய்ப் பேருந்து என்று அரசு செய்த செலவு இதற்கு ஒரு பகுதி காரணம் என்பது பரவலான கருத்து. ஆகவே தமிழ்நாட்டுக் கிராமத்தின் மலிவை வெறும் புறக்கணிப்பின் விளைவாக மட்டும் காண்பது சரியாகாது. அதில் அரசு ஏற்றுக்கொண்ட செலவும் கலந்திருக்கிறது. குறளின் கடைசி நிபந்தனை இங்கே திரும்ப வந்து நிற்கிறது.

கிராமமே போதும், போதாது

வருசநாட்டு மலைகளுக்குக் கிழக்கே, மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டியில் காந்திநிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தார், 1960இல் மறைந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்த ஒருவர் தே.கல்லுப்பட்டியில் குடியேறியது அவருடைய கோட்பாட்டின் நடைமுறை வடிவம். அருகில் விளைவதை உண்டு, அருகில் செய்வதை உடுத்து, இயற்கையின் வட்டத்தை அறுக்காமல் வாழும் பொருளாதாரமே நிலைக்கும் என்பது அவருடைய வாதம். பெருநகர வேலையை விட்டு நிலம் வாங்கி இயற்கை வேளாண்மைக்கு வருகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்த மரபின் வாரிசுகள்.

மறுபக்கம் அம்பேத்கர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அவர் கிராமத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு தெரிந்ததே: குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடம். தேனிச் சீமையில் இதற்கு மேற்கோள் தேவையில்லை. 1989 செப்டம்பரில் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரம் போதும். பெண் குழந்தை பிழைப்பதே கேள்வியாக இருந்த வட்டாரம் என்பதால் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களுள் தேனியும் ஒன்று. குறைந்த வாடகை என்பது வீடு கொடுக்கிறவர் யாருக்குக் கொடுப்பார் என்ற கேள்விக்குப் பிறகுதான் வருகிறது. ஊரின் இன்னொரு முனையில் மட்டுமே வீடு கிடைக்கும் ஒருவருக்கு நகரத்துக் கூடுதல் வாடகை ஒரு விடுதலைக் கட்டணமாகவும் இருக்கலாம்.

மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ‘க்ரூக்கெட் ஸ்டாக்ஸ்’ என்ற நூல் இந்த இரு தரப்புக்கும் அடங்காத ஒன்றைச் சொல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் களப்பணி செய்து எழுதப்பட்ட நூல் அது. காலனி அரசு குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய பிரமலைக் கள்ளர் சமூகம் உழவுக்குள் வந்த வரலாற்றை அவர் பின்தொடர்கிறார். நிலத்தைப் பண்படுத்துவதும் தன்னைப் பண்படுத்துவதும் அந்த மக்களின் பேச்சில் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதைக் காட்டுகிறார். செலவுக் கணக்கு போட்டு வந்தவர்கள் அல்ல இவர்கள். மரியாதையும் நிலமும் சேர்ந்து கிடைக்கும் இடம் என்று இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டவர்கள். பொருளியல் விடைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை.

மலிவை அளக்கும் கோல்

1956இல் பொருளியலாளர் சார்லஸ் டீபோ, மக்கள் தங்களுக்கு ஒத்துவரும் வரியும் வசதியும் உள்ள ஊரைத் தேர்ந்து குடிபெயர்வதன் மூலமே தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கிறார்கள் என்றார். ரோசன் 1979இலும் ஜெனிபர் ரோபேக் 1982இலும் அதை மேலும் இறுக்கினர். அவர்கள் வாதம் இப்படி: ஓர் ஊரில் வாடகை குறைவு என்றால் ஒன்று அங்கே கூலி குறைவாக இருக்க வேண்டும், அல்லது வசதி குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் அங்கே போய் வாடகையை ஏற்றிவிட்டிருப்பார்கள். இந்தப் பார்வையில் உலகம் கவனிக்கத் தவறிய மலிவு என்று ஒன்று நெடுங்காலம் இருக்கவே முடியாது.

கோட்பாடு அழகாக இருக்கிறது. அதன் முன்நிபந்தனைதான் இந்திய நிலத்தில் இடறுகிறது. யாரும் எங்கும் தடையின்றிக் குடிபெயரலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. சாதி, உறவு, மொழி, ரேஷன் அட்டை, குலதெய்வக் கோயில், பாகம் பிரியாத பூர்வீக நிலம் என்று ஒருவரை ஊரோடு கட்டும் கயிறுகள் எதுவும் அதன் சமன்பாட்டில் இல்லை.

அளவையிலும் ஒரு சிக்கல். வருசநாடு மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை வைத்து? நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஓரிடத்தின் விலை காலப்போக்கில் எவ்வளவு ஏறியது என்று சொல்லுமே தவிர, ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட உதவாது. மாவட்ட அளவில் அது வெளியாவதும் இல்லை. இன்னும் வேடிக்கை: 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் கிராமக் குறியீட்டெண்ணில் வீட்டு வாடகையே சேரவில்லை; நகரத்துக்கு மட்டும்தான் சேர்ந்தது. கிராமத்தை மலிவாக்கும் முதற்பொருள் எதுவோ அதை அளக்காமல் விட்ட கோலை வைத்து நாம் மலிவைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் வருசநாட்டில் சென்னையைவிடப் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. பொட்டலத்தில் வருவதற்கு எங்கும் ஒரே விலை. மலிவு வீட்டில், காய்கறியில், பாலில், ஆள் கூலியில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் மலிவாகக் கிடைப்பது வாங்குகிறவருக்கு வசதி. அந்த ஆளுக்கு அதுவே வருமானம்.

கூலி அக்கரையில், குடி இக்கரையில்

மேற்கண்ட எந்த விடையும் சரியாகக் கையாளாத ஒன்று கம்பம் பள்ளத்தாக்கில் அன்றாடம் நடக்கிறது. விடிவதற்குள் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறுகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன. ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022–23இல் கேரளத்தில் ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரி நாள்கூலி ரூ.764. தமிழ்நாட்டில் ரூ.470. நாட்டுச் சராசரி ரூ.345. கூலி கேரளத்து அளவில், அரிசி தமிழ்நாட்டு ரேஷனில், வீடு சொந்த ஊரில். பட்டணம் சேராமலே பட்டணத்துக் கூலியில் ஒரு பங்கைப் பெறும் ஏற்பாடு இது. தோட்டத்தில் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதையும், மேற்படி சராசரி ஆண்களுடையது என்பதையும் நினைவில் வைத்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை ஒரு மாநில எல்லை. 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தமிழ்நாடு இழந்த பகுதிகளின் பட்டியலில் அவை இன்றும் வருத்தத்தோடு சொல்லப்படுகின்றன. அந்த இழப்பே பின்னாளில் இரு பக்கக் கூலிக்கும் இடையில் ஒரு படிக்கட்டை உண்டாக்கி, பள்ளத்தாக்குக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கடினம். மலை முழுவதும் ஒரே மாநிலமாக இருந்திருந்தால் இந்தக் கூலி இடைவெளி இருந்திருக்குமா என்பது ஐயம்.

எல்லையில் கட்டிய வாழ்வுக்கு எல்லையே ஆபத்தும்கூட. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது போக்குவரத்து நின்றது, தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி இறங்கினர். 2020 ஊரடங்கில் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. ஏலக்காய் விலையும் நிலையில்லை: 2019இல் ஏலத்தில் கிலோ ரூ.7,000 வரை போனது, மூன்றாண்டுக்குள் ஆயிரத்தைச் சுற்றி இறங்கியது. தோட்டத்துக்காரர் செலவைச் சுருக்கும்போது முதலில் குறைவது வேலை நாள். போதாக்குறைக்கு இப்போது ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள்.

வருசநாட்டுக்கு இந்தப் படிக்கட்டும் பாதிதான் எட்டும். மேகமலைக்குக் கிழக்கே இருப்பதால் தினம் போய்த் திரும்புவது எளிதல்ல. போகிறவர் தோட்டத்தில் தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும். உள்ளூரில் விளையும் இலவங்காய் போடிக்குப் போய் மெத்தையாகவும் தலையணையாகவும் ஆகிறது. மதிப்பு கூடுவது அங்கே. செயற்கைப் பஞ்சு வந்தபின் இலவம் பஞ்சின் விலை மரத்துக்காரர் கையில் இல்லை. வேறு சிலருக்கு ஆண்டிபட்டிப் பக்கத்து மில்லும் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகளும், பலருக்குத் திருப்பூரும்.

இங்கேதான் என் கணிப்பைச் சொல்ல வேண்டும். மலிவு என்பது ஊரின் குணம் அல்ல. ஊருக்கும் ஒருவருடைய வருமானம் வரும் இடத்துக்கும் இடையிலுள்ள உறவு. ஓய்வூதியக்காரருக்கும், அரசுப் பள்ளி ஆசிரியருக்கும், திருப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பும் வீட்டுக்கும், ஏலத் தோட்டக் கூலிக்காரருக்கும் தேனிச் சீமை மலிவு. வருசநாட்டு மண்ணில் விளைவதை மட்டும் விற்று அதே மண்ணில் வாழ்கிறவருக்கு அது மலிவும் அல்ல, விலையேற்றமும் அல்ல. அவர் வாங்குவதும் விற்பதும் ஒரே தராசில். சந்தையில் அவருடைய தக்காளி மலிவாகக் கிடைப்பதைத்தான் வந்தவர் சிலாகிக்கிறார்.

லெனின் பாரதியின் இயக்கத்தில் 2018இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம் இதை எந்தக் கட்டுரையையும்விடத் துல்லியமாகக் காட்டியது. மலையேறிச் சுமை தூக்கும் ஒருவன் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் அடிமாட்டு விலை நிலம். அவனுக்கு அது ஆயுட்கால உழைப்பு. முடிவில் தன்னுடையதாக இருந்த நிலத்தில் நட்ட காற்றாலைக்கே காவலாளி ஆகிறான்.

பட்டா இல்லாத நிலத்தின் விலை

வருசநாட்டு மலிவில் இன்னொரு பகுதி சட்டம் சார்ந்தது. மலைமேல் அரசரடி, பொம்மராஜபுரம், இந்திராநகர், வெள்ளிமலை, மஞ்சனூத்து என்று குடியிருப்புகள் பல. பளியர் பழங்குடியினர் ஒருபுறம்; உசிலம்பட்டிச் சீமையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் ஏறி வந்து காடு திருத்தியவர்கள் மறுபுறம். வனத்துறை இவர்களில் பலரை ஆக்கிரமிப்பாளர் என்கிறது. அவர்கள் தங்களை விவசாயி என்கிறார்கள். பட்டா இல்லாத நிலத்தை வைத்து வங்கிக் கடன் வாங்க முடியாது, இழப்பீடு கேட்க முடியாது, சட்டப்படி விற்கவும் முடியாது. கையில் நிலம் இருக்கிறது, விலை இல்லை.

2006 வன உரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்கு முன்பே வந்ததற்கான சான்று மலைக்குடியில் எத்தனை பேரிடம் இருக்கும்? 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 1,016 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டபின் வெளியேற்ற அச்சம் கூடியது. காப்பகத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு: வைகையின் பிறப்பிடக் காடு அழிந்தால் கீழே மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் தண்ணீர் ஏது என்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

மலையின் மறுபுறத்தில் இதே வழக்கு வேறு பாதையில் போனது. இடுக்கி அணைக்காக ஐயப்பன்கோவில் குடியேறிகள் வெளியேற்றப்பட்டபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1961இல் குமுளி அருகே அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தார். குடியேறிகளின் உரிமை கேரள அரசியலின் மையப் பொருளாயிற்று. பட்டா வழங்குவது தேர்தல்தோறும் பேசப்பட்டது, பலருக்குக் கிடைக்கவும் செய்தது. இரு பக்கத்திலும் காடு திருத்தி ஏறியவர்கள்தான். ஒரு பக்கம் ஏலத் தோட்ட முதலாளிகள் உருவானார்கள், மறுபக்கம் அவர்களுக்குக் கூலியாட்கள். மண்ணும் பயிரும் வேறுபட்டது உண்மை என்றாலும், இந்த வேறுபாட்டில் பட்டாவின் பங்கு எவ்வளவு என்று ஒப்பிட்டு ஆராய இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

தூரமும் ஒரு மறைவிலைதான். 2004இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது, வருசநாட்டுக்காரர் பேருந்தில் அங்கே போய்விடலாம். சாலையற்ற மலைக்குடியில் இன்றும் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். மாத வாடகையில் மிஞ்சும் பணம் ஓர் இரவு அவசரத்தில் கரைந்துவிடும்.

பெயர் தெரிந்த பிறகு

இப்போது நிலைமை மாறுகிறது. ரயில் சென்னையைப் போடியோடு இணைத்துவிட்டது. கொரோனாவுக்குப் பின் கணினியோடு ஊர் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகவில்லை. இந்தப் போக்குக்குத் தமிழ்நாட்டில் அதிகம் காட்டப்படும் முன்மாதிரி தென்காசி அருகே மத்தளம்பாறை. அங்கே சோஹோ நிறுவனம் 2011இலேயே அலுவலகம் தொடங்கியது, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் பின்னர் அங்கேயே குடியேறினார். சம்பளம் உலகச் சந்தையிலிருந்து, வாழ்க்கை மலையடிவாரத்தில். கம்பம் ஜீப்பின் தர்க்கமும் இதுவேதான், சம்பளத்தில்தான் வேறுபாடு.

ஆனால் நல்ல சம்பளத்தோடு வருகிறவர் வாங்கும் நிலம் உள்ளூர்க்காரர் வாங்க நினைத்திருந்த நிலம். ரோபேக்கின் சமன்பாடு சொல்வதும் அதுதான்: பெயர் தெரிந்த இடம் மலிவாக நிற்காது. தங்கள் இடத்தைப் பற்றி வெளியார் தீட்டும் திட்டங்களைத் தேனி மக்கள் எளிதில் ஏற்பதில்லை என்பதற்குப் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் சான்று. 2015 ஜனவரியில் ரூ.1,500 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோயிற்று. வெளியிலிருந்து வருகிறவர் கட்டும் பண்ணை வீடுகளுக்கு அப்படி ஓர் எதிர்ப்பு வருமா? வராது என்றே தோன்றுகிறது. அவை ஒவ்வொன்றாக, பத்திரப் பதிவு அலுவலகம் வழியாக வருகின்றன.

திறந்திருப்பவை

நீரை முன்வைக்கும் விடை கம்பத்துக்கு வலுவானது, வருசநாட்டுக்குப் போதாது. நகரச் சாய்வு வாதம் ரயிலை விளக்குகிறது, ரேஷனை விளக்கவில்லை. கூலி–வாடகைச் சமன்பாடு வந்து சேர்கிறவரை நன்றாகப் புரியவைக்கிறது. போகாமல் இருக்கிறவரைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகமில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் அணுகுமுறை இவற்றைவிடக் கூடுதலாக விளக்குவதாகப் படுகிறது. ஆனால் அதற்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வெளி வருமானம் ஏதுமின்றியும் வருசநாட்டை விட்டுப் போக மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் போக வழியில்லையா, போக மனமில்லையா? இரண்டையும் பிரித்தறிய நம்மிடமுள்ள கணக்கெடுப்புகள் வடிவமைக்கப்படவில்லை.

ரயில் வந்தபின் நில விலை எப்படி நகர்ந்தது, அதில் யார் விற்றார், யார் வாங்கினார் என்பதைப் பதிவுத்துறை ஆவணங்களைக் கொண்டு யாரேனும் ஆராயலாம். இடுக்கியின் கூலி இடைவெளி ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர் வருகைக்குப் பின்னும் நீடிக்குமா என்பது அதைவிட அவசரமான கேள்வி. பள்ளத்தாக்கின் வரவு செலவே அதில் தொங்குகிறது. மலைக்குடிகளின் உரிமைக் கோரிக்கைகள் எப்படித் தீர்கின்றன என்பதைப் பொறுத்து வருசநாட்டின் மேற்பகுதி ஊராக நிற்குமா, காடாகத் திரும்புமா என்பது தீர்மானமாகும்.

பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் நடக்கவிருக்கிறது. வருசநாடு அடங்கிய கடமலை–மயிலை ஒன்றியம் வளர்ந்ததா, மெலிந்ததா என்பது அப்போது தெரியும். கேரளத் தோட்டத்தில் மாதக்கணக்கில் தங்கிவிட்டுத் திருவிழாவுக்கும் ஓட்டுப் போடவும் மட்டும் வருசநாட்டுக்கு வருகிறவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவார்கள் என்பதைப் பொறுத்து, அந்த விடையும் கொஞ்சம் மாறும்.